அரைமண்டி

விராலிமலைக்கு நாங்கள் வருஷத்துக்கு ஒரு முறை போகிறவர்கள். திருச்சியில் பஸ் ஏறினால் மதுரை ரஸ்தாவில் சுமார் 30 கிலோமீட்டர். பேசிக்கொண்டே போனால் ஊர் வந்துவிடும். பேசாமல் போனாலும் வந்துவிடும், அது வேறு விஷயம். அடிவாரத்தில் இறங்கி, அர்ச்சனைத் தட்டு வாங்கிக்கொண்டு, இருநூற்றுச் சொச்சம் படிகளையும் நடந்தே ஏறி, மயில்மேல் அமர்ந்திருக்கும் ஆறுமுகனைத் தரிசித்துவிட்டு, நடந்தே இறங்க வேண்டும். இது என் மாமியார் செய்துகொண்ட பிரார்த்தனை. அவர் காலத்துக்குப் பிறகு என் மனைவி அதைக் குடும்பச் சொத்துப்போலச் சுவீகரித்துக்கொண்டாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகிறவன்.

போன வருஷம் வைகாசியில் முதல் முறையாக நான் ஏறவில்லை. மாசி மாதம் ஒரு விடியற்காலையில், வாசல் தெளித்திருந்த ஈரத்தில் வழுக்கி விழுந்து இடது கணுக்கால் எலும்பை முறித்துக்கொண்டிருந்தேன். ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த அன்றைக்கே சில பயிற்சிகள் சொல்லிக் கொடுத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, இனி என்ன பயிற்சி என்று நான் அவற்றை லட்சியம் செய்யவில்லை. நாவல் எழுதுகிறவனுக்குக் கால் எதற்கு என்று ஒரு எண்ணம். அந்த எண்ணம் விராலிமலையின் பதினைந்தாவது படிவரைதான் நிலைத்தது. அங்கே இடது தொடை கடகடவென்று ஆட ஆரம்பித்தது, நிற்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பி இறங்கி, ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். மனைவி தட்டை வாங்கிக்கொண்டு தனியாக மேலே போனாள்.

ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எதிர் ஓட்டின்மேல் ஒரு மயில் வந்து நின்று, என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போயிற்று. கடைக்காரர், "ஐயா மேலே போகலீங்களா?" என்று கேட்டார். "செருப்புக்குக் காவல் இருக்கேன்" என்றேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. என் வயதில் அந்த வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, நம்பிவிட்டார்.

மனைவி இறங்கி வந்து என் நெற்றியில் விபூதி இட்டாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே, "இனிமே நானே போயிட்டு வந்துடறேன். நீங்க கீழேயே சௌகரியமா உக்காந்திருங்க" என்றாள்.

அவள் குரலில் கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை. அந்தச் 'சௌகரியமா' என்ற வார்த்தைதான் வீடு வந்து சேருகிற வரையில் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

மறுநாளே பிஸியோதெரபி செய்யும் பெண்மணியிடம் போய் நின்றேன். அவர் தையற்காரர்போல அளவு நாடாவை எடுத்து இரண்டு தொடைகளையும் அளந்தார். இடது தொடை ஒன்றரை அங்குலம் குறைவு! கணுக்காலில் அடிபட்டதற்குத் தொடை ஏன் இளைக்க வேண்டும் என்று கேட்டேன். வேலை இல்லாத தசைக்குச் சரீரம் சோறு போடாது என்றார். சர்க்கார் ஆபீசைவிட நம் உடம்பு கண்டிப்பானது என்று தெரிந்தது. பிறகு என்னைச் சுவரோடு முதுகைச் சேர்த்து நிற்கச் சொல்லி, பாதங்களை முன்னே வைக்கச் சொல்லி, அப்படியே கீழே சறுக்கி, நாற்காலி இல்லாத நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் கணக்குத் தப்பினால் எங்களுக்கு விதித்த தண்டனையல்லவா இது? அதற்கும் முந்திய தலைமுறையில், திண்ணைப் பள்ளிக்கூடத்தில், கோதண்டம் என்று ஒன்று உண்டு. உத்தரத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பையன் தொங்க வேண்டும். இரண்டும் இன்றைக்குக் காசு கொடுத்துச் செய்கிற தேகப்பயிற்சி ஆகிவிட்டன. வாத்தியார்கள் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். நானோ பதினொரு விநாடியில் சுவரிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டில் இதை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது என் பேத்தி வந்தாள். பத்து வயது, மூன்று வருஷமாகப் பரதநாட்டியம் கற்றுக்கொள்கிறாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஒரு பரீட்சை அதிகாரியைப்போலப் பார்த்தாள்.

"தாத்தா, இது எங்க அரைமண்டி மாதிரிதான். ஆனா நீங்க முட்டியை முன்னாடி விடறீங்க. நாங்க ரெண்டு பக்கமும் விரிப்போம்."

சொல்லிவிட்டுச் சுவர் இல்லாமலே அதில் நின்று காட்டினாள். குதிகால்கள் சேர்ந்திருக்க, பாதங்கள் பக்கவாட்டில் திரும்பியிருக்க, முழங்கால்கள் இரண்டு புறமும் மடிந்து, முதுகு மட்டும் பனைமரம்போல நேராக. கைகள் தோளுக்கு நேரே நீண்டு நின்றன. அந்தக் கைகளை அப்படி வைத்திருப்பதே ஒரு வேலை என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன். பாதி நிமிஷம், ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம். அப்படியே நின்றுகொண்டு பள்ளிக்கூடத்தில் யார் யாரோடு பேசவில்லை என்ற விவரத்தையெல்லாம் சொன்னாள். எத்தனை கச்சேரிகளில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன்! கண்ணையும் முத்திரையையும் பார்த்திருக்கிறேன். ஆடுகிற பெண் அந்த நேரமெல்லாம் பாதி உட்கார்ந்தே இருக்கிறாள் என்பது என் மூளையில் ஏறியதே இல்லை.

அன்றைக்கு ராத்திரி எனக்கு விராலிமலையின் ஞாபகம் வேறு விதமாக வந்தது.

அந்த ஊர் மயிலுக்கும் முருகனுக்கும் பெயர்போனது. சுவாமிக்குச் சுருட்டு நைவேத்தியம் செய்கிற வழக்கத்துக்கும் பெயர்போனது. (சுருட்டை ஏற்றுக்கொள்கிற தெய்வம் என் போன்ற பலவீனர்களையும் ஏற்றுக்கொள்ளும் என்று எனக்கு ஒரு தைரியம்.) ஆனால் சதிருக்கும் அந்த மலைக்கும் உள்ள உறவு அதிகம் பேருக்குத் தெரியாது. இன்று பரதநாட்டியம் என்று பெரிய மேடைகளில் ஏறியிருப்பதன் பழைய பெயர் சதிர். விராலிமலைக் கோவிலில் 32 தேவதாசிகள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் முத்துக்கண்ணம்மாள். ஏழு வயதில் கோவிலுக்கு விடப்பட்டவர். தகப்பனார் ராமச்சந்திர நட்டுவனாரிடமே ஆடவும் பாடவும் கற்றுக்கொண்டவர். அந்த வரிசையில் கடைசியாக எஞ்சியவர் என்று அவரைச் சொல்கிறார்கள். 2022-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அந்த வாழ்க்கையை நான் மெழுகிக் கோலம் போட்டுக் காட்ட விரும்பவில்லை. ஏழு வயதுக் குழந்தையிடம் சம்மதம் கேட்டவர்கள் யார்? பொட்டுக் கட்டுவதைச் சென்னை மாகாணத்தில் 1947-ம் வருஷத்துச் சட்டம் தடுத்தது. அதற்காகப் பல வருஷம் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-ல் பிறந்ததும் இதே புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில்தான் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். இந்தப் பெரிய விவகாரத்தில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. என் கவலையெல்லாம் கால்களைப் பற்றியது. அந்தப் பெண்கள் காலையும் மாலையும் மலைமேல் ஏறிப் போய், சுவாமி சந்நிதியில் ஆடிப் பாடிவிட்டு இறங்கியவர்கள். நான் பதினைந்தாவது படியில் விட்டுவிட்டு வந்த அதே மலை!

அசையாமல் நிற்பதால் தசைக்குப் பலம் வருமா என்பதைக் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். இதற்கு ஐசோமெட்ரிக் என்று பெயர். தசையின் நீளம் மாறாமல் வேலை செய்வது என்று அர்த்தம். நீளம் மாறாதே தவிர உள்ளே சும்மா இருப்பதில்லை. பாரத்தைத் தாங்க நார்கள் முறைவைத்து இழுத்துக்கொண்டே இருக்கின்றன. இறுகிய தசைக்குள் ரத்தம் சரியாக ஓடாது. அதனால்தான் அந்த எரிச்சல். முதலில் உழைத்த நார்கள் களைத்ததும் புதிய நார்கள் கூப்பிடப்படுகின்றன. அதுதான் அந்த நடுக்கம். நடுங்கினால் தோற்றுவிட்டோம் என்று நினைத்திருந்தேன். நடுங்கும்போதுதான் வேலை நடக்கிறதாம்.

1953-ல் ஜெர்மனியில், டார்ட்மண்ட் நகரத்தில், ஹெட்டிங்கர், முல்லர் என்று இரண்டு பேர் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஒரு தசையின் முழுப் பலத்தில் மூன்றில் இரண்டு பங்கைச் செலுத்தி, நாளைக்கு ஒரே தடவை, ஆறே விநாடி இறுக்கினால் போதும். வாரத்துக்கு 5 சதவீதம் பலம் கூடும் என்றார்கள். உலகம் முழுவதும் உள்ள சோம்பேறிகளுக்கு இதைவிட நல்ல செய்தி உண்டா? பின்னால் மற்றவர்கள் செய்துபார்த்தபோது பலம் கூடியது உண்மை, அந்த வேகம்தான் கிடைக்கவில்லை.

வேடிக்கை இதோடு முடியவில்லை. அமெரிக்காவில், பென்ஸில்வேனியாவிலுள்ள யார்க் என்ற ஊரில், பாப் ஹாஃப்மன் என்பவர் பளு தூக்கும் கருவிகள் விற்று வந்தார். 1960-ஐ ஒட்டிய வருஷங்களில் அவருடைய ஆட்களான பில் மார்ச், லூயி ரீக்கி இருவரும் திடீரென்று அசுர பலம் பெற்றார்கள். எப்படி? அசைக்க முடியாதபடி முளைகளுக்கிடையே மாட்டிய கம்பியைச் சில விநாடி முட்டித் தள்ளினார்கள். அவ்வளவுதான் என்று விளம்பரம் வந்தது. அந்தச் சட்டங்களும் பாடப் புத்தகங்களும் அமோகமாக விற்றன. வாங்கியவர்களுக்கு அந்த அசுர பலம் வரவில்லை. அவர்களுக்கு ஆலோசகராக இருந்த டாக்டர் ஜான் ஸீக்லர், கம்பியோடு கூட ஒரு மாத்திரையும் கொடுத்து வந்திருக்கிறார் என்பது அப்புறம் தெரிந்தது. தசையை வளர்க்கும் ஸ்டீராய்டு அது. குட்டு வெளிப்பட்டதும் ஜனங்கள் மாத்திரையை மட்டுமா விட்டார்கள்? முறையையே ஏமாற்று என்று சொல்லி வெகு நாள் ஒதுக்கி வைத்துவிட்டார்கள். வைத்தியன் பொய் சொன்னால் கஷாயம் என்ன செய்யும், பாவம்.

இப்போது அதற்கு மறுபடி மதிப்பு வந்திருக்கிறது. 270 பரிசோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2023-ல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவப் பத்திரிகையில் வந்த ஒரு கட்டுரை, ரத்த அழுத்தத்தைக் குறைப்பதில் மற்ற எல்லாப் பயிற்சிகளையும்விட இந்த அசையாப் பயிற்சிகளே முன்னால் நிற்கின்றன என்று சொல்லுகிறது. அவற்றில் என் சுவர் நாற்காலியும் ஒன்று. நான் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவன். இதை டாக்டரிடம் பெருமையாகச் சொன்னேன். "நாள்பட்டுக் குறையும், சரி. ஆனா உட்கார்ந்திருக்கிற அந்த நிமிஷத்தில் ஏறும். மூச்சை மட்டும் அடக்கிடாதீங்க, மாத்திரையையும் நிறுத்திடாதீங்க" என்றார்.

மூச்சை அடக்காமல் இருப்பது எப்படி? பேத்தி வழி சொன்னாள். வாயால் சொல்லிக்கொண்டே இருந்தால் அடக்க முடியாது. ஆகவே தினம் காலையில் நான் சுவரில் ஒட்டிக்கொண்டு 'தையா தை, தையா தை' என்று சொல்ல, அவள் ஒரு மரக் கரண்டியால் பலகையில் தட்டி விநாடி எண்ணுவாள். அடுத்த வீட்டுக்காரர் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் என் மனைவியிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். உடம்பைத்தான் விசாரித்தாரா என்பது எனக்கு இன்னும் சந்தேகம்.

பதினொன்று இருபது ஆயிற்று. இருபது முப்பத்தைந்து ஆயிற்று. முப்பத்தைந்தில் ஒரு மாதம் நகராமல் நின்றது. ஐப்பசி பிறந்தபோது ஒரு தடவைக்கு எழுபது விநாடியாக, இடைவெளி விட்டு நான்கு தடவை உட்கார்ந்தேன். மேஜையில் கை வைத்து எழுதுகிறபோதுகூட, யாருக்கும் தெரியாமல் தொடையை இறுக்கித் தளர்த்துவேன். அந்தக் காலத்தில் எழுதிய இரண்டு அத்தியாயங்களில் பாத்திரங்கள் எல்லாம் கொஞ்சம் விறைப்பாகவே இருப்பதாகப் பத்திரிகாசிரியர் அபிப்பிராயப்பட்டார்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, "வா, விராலிமலைக்குப் போய் வரலாம்" என்றேன் மனைவியிடம். அவள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

ஏறினேன். நம்பமாட்டீர்கள், பதினைந்தாவது படியைத் தாண்டியது எனக்குத் தெரியவே இல்லை. இரண்டு இடத்தில் மட்டும் நின்றேன், அதுவும் மூச்சுக்காகத்தான், காலுக்காக அல்ல. சந்நிதியில் தீபாராதனை ஆனபோது அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நான் என் தொடையைத் தடவிக்கொண்டிருந்தேன். கர்வம்! அதற்குக் கூலி இறங்கும்போது கிடைத்தது. பாதி வழி வந்திருப்போம். ஒரு படியில் வலது காலைக் கீழே வைப்பதற்காக இடது முழங்கால் மடங்கியது. மடங்கிய இடத்தில் நிற்காமல் மடங்கிக்கொண்டே போயிற்று. கீழே விழுந்திருப்பேன். அவள் என் முழங்கையைப் பிடித்துவிட்டாள்.

"என் தோளைப் புடிச்சுக்கோங்க."

பிடித்துக்கொண்டேன். மீதிப் படிகளைக் குருடன்போல அவள் தோளில் கை வைத்தபடி இறங்கினேன். டீக்கடைக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மேலே ஏறின கால் கீழே இறங்க மாட்டேன் என்கிறதே, என்ன நியாயம்?" என்று பிஸியோதெரபி அம்மாளிடம் சண்டைக்குப் போனேன். நியாயம் இருந்தது. அசையாமல் இருந்து சம்பாதிக்கிற பலம் பெரும்பாலும் எந்தக் கோணத்தில் இருந்தோமோ அந்தக் கோணத்திலும் அதை ஒட்டிய கொஞ்ச தூரத்திலும்தான் செல்லுபடியாகும். புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் அம்மன் காசு என்று ஒன்று வழங்கியது. எல்லை தாண்டினால் அதற்கு மவுசு கிடையாது. அப்படித்தான் இதுவும். நானோ எனக்கு வசதியான உயரம் ஒன்றைக் கண்டுபிடித்து, அத்தனை மாதமும் அங்கேயே குடியிருந்துவிட்டேன். தவிர, படி இறங்குவது என்பது தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிற காரியம். அதை நான் ஒரு நாளும் பழக்கவில்லை.

இன்னொன்றும் சொன்னார். தசை நீண்டிருக்கும் நிலையில், அதாவது முழங்கால் நன்றாக மடங்கித் தாழ்ந்த நிலையில், தாங்கிப் பழகினால்தான் பருமனும் அதிகம் கூடும், பலமும் மற்றக் கோணங்களுக்குப் பரவும். 2019-ல் வந்த ஓர் ஆராய்ச்சித் தொகுப்பும் அதையே சொல்லுகிறது. உயரத்தில் நின்று வெகுநேரம் கணக்குக் காட்டுவதைவிடத் தாழ்ந்து கொஞ்சநேரம் தாங்குவது மேல்.

பேத்தியிடம் வந்து சொன்னேன். "அதான் எங்க மிஸ், 'இன்னும் உக்காரு, இன்னும் உக்காரு'ன்னு சொல்லிட்டே இருப்பாங்க" என்றாள் சர்வ சாதாரணமாக. சாக்பீஸ் எடுத்து வந்து, சுவரில் என் தலை நிற்கிற உயரத்துக்கு மூன்று கோடுகள் போட்டாள். மேல் கோடு, நடுக் கோடு, கீழ்க் கோடு. கீழ்க் கோட்டில் என் முதல் நாள் கணக்கு ஆறு விநாடி. கோடுகளுக்கு நடுவே இறங்குவதும் எண்ணிக்கையோடுதான், பொத்தென்று விழக்கூடாது. மாலையில் மாடிப்படியில், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு படிக்கு நாலு தட்டு வீதம் இறங்குவேன். விராலிமலைப் பெண்கள் சந்நிதியில் அரைமண்டியில் நின்றதோடு போகவில்லை, இரண்டு வேளையும் படியும் இறங்கினார்கள் என்பது எனக்கு அப்போது உறைத்தது. நான் அதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மலையை ஏமாற்றப் பார்த்திருக்கிறேன்.

சித்திரை முடிவில் அளவு நாடா வந்தது. ஒன்றரை அங்குலக் குறைவு அரை அங்குலமாகியிருந்தது. மீதி அரை அங்குலம் என் வயதில் வருமோ வராதோ, அதைப் பற்றிப் புகார் இல்லை.

இந்த வைகாசியில் போனோம். ஏறியதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இறங்கும்போது ஒவ்வொரு படியாக, வாய்க்குள்ளே 'தையா தை' சொல்லிக்கொண்டு வந்தேன். பாதி வழியில், போன தடவை கால் மடங்கிய அந்தப் படியைத் தாண்டிய பிறகு, பக்கத்தில் ஆளைக் காணோமே என்று திரும்பிப் பார்த்தேன். மனைவி ஐந்தாறு படி மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்லே. வலது முட்டி. ரெண்டு வருஷமாவே இப்படித்தான் இருக்கு."

"சொல்லவே இல்லையே?"

"நீங்க கட்டுப் போட்டுக்கிட்டுப் படுத்திருந்தீங்க. அப்புறம் சுவத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னீங்க. எப்பச் சொல்றது?"

மேலே ஏறிப் போய்த் தோளைக் கொடுத்தேன். என் தோள் அவளுக்கு உயரம்; முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அடிவாரத்துக்கு வந்ததும் அவளை டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்தேன். கடைக்காரர் இரண்டு டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "அம்மாவுக்கு முடியலீங்களா?" என்றார். அவள் அதற்குப் பதில் சொல்லவில்லை. டீயைக் குடித்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "அந்தச் சுவத்துல எனக்கும் ஒரு கோடு போடச் சொல்லுங்க, அவகிட்டே" என்றாள்.

பிஸியோதெரபி அம்மாள் அவள் முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, வலி வராத உயரத்தில் மட்டும் என்று உத்தரவு கொடுத்திருக்கிறார். அந்தக் கோடு என் மேல் கோட்டுக்கும் மேலே இரண்டு விரல்கடை. இப்போது சுவரில் நாலு கோடுகள். வீட்டுக்கு வருகிறவர்கள், யார் வளர்ச்சியை அளக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். அவளுடைய முதல் நாள் கணக்குப் பதினேழு விநாடி. கோட்டின் உயரம் வேறு, கணக்கும் வேறு என்று எவ்வளவோ வாதாடிப் பார்த்தேன். பேத்தி கேட்கிறாளா? தாத்தாவைவிட ஆறு விநாடி ஜாஸ்தி என்று அதையும் சாக்பீஸால் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறாள்.